டேட்டாபேஸுக்கு ஒரு முகப்பு: லிப்ரேஆபிஸ் பேஸில் முதல் ஃபார்ம்

ஒரு புகைப்படக் குழு, கேமரா, லென்ஸ், ட்ரைபாட் எல்லாவற்றையும் உறுப்பினர்களுக்கு இரவல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். யார் எதை எப்போது வாங்கினார், எப்போது திருப்பினார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு போடப்போகிறவருக்கு டேபிள் (தகவல் அட்டவணை), கீ எதுவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்குத் தெரிந்தது பெயர்களும் தேதிகளும். அவற்றை மட்டும் வைத்து அவர் வேலையை முடிக்கும்படி ஒரு ஃபார்ம் (திரைப் படிவம்) செய்துகொடுப்போம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபிஸ் தொகுப்பில் உள்ள டேட்டாபேஸ் மென்பொருளான பேஸ் போதும். அதற்குள்ளேயே இருக்கும் எச்எஸ்க்யூஎல்டிபி என்ற டேட்டாபேஸ் எஞ்சின் ஓடுவதற்கு ஜாவா வேண்டும்; அதை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள்.

படி 1: டேபிள்கள்

மூன்று போதும்: உறுப்பினர்கள், கருவிகள், இரவல்கள். மூன்றிலும் ப்ரைமரி கீயாக (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டுவது) ஒரு முழு எண் ஃபீல்டு வைத்து, எண் தானாக ஏறும்படி ஆட்டோவேல்யூவை 'யெஸ்' ஆக்குங்கள். இரவல்கள் டேபிளில் உறுப்பினர் எண், கருவி எண், கொடுத்த தேதி, திருப்பிய தேதி. திருப்பிய தேதியைத் தவிர மற்ற மூன்றையும் காலியாக விட முடியாதபடி 'என்ட்ரி ரெக்வயர்டு' கட்டாயம்.

படி 2: உறவுகள்

டூல்ஸ் மெனுவில் ரிலேஷன்ஷிப்ஸைத் திறந்து, உறுப்பினர்கள் டேபிளின் உறுப்பினர் எண்ணை இரவல்கள் டேபிளில் உள்ள உறுப்பினர் எண் மீது இழுத்து விடுங்கள். கருவி எண்ணுக்கும் அப்படியே. அழிப்பதற்கான விருப்பத்தை 'நோ ஆக்‌ஷன்' என்றே விடுங்கள். இரவல் பதிவு இருக்கும் உறுப்பினரை யாராவது தவறுதலாக அழிக்கப் போனால், டேட்டாபேஸே தடுத்துவிடும். இப்படிப்பட்ட காவல் டேட்டாபேஸில்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஃபார்மில் மட்டும் வைத்தால், டேபிளை நேரடியாகத் திறக்கிறவரை எது தடுக்கும்?

படி 3: விஸார்டு

ஃபார்மைப் படிப்படியாக அமைத்துத் தரும் ஃபார்ம் விஸார்டில் உறுப்பினர்கள் டேபிளைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த பக்கத்தில் சப்ஃபார்ம் (ஃபார்முக்குள் இன்னொரு ஃபார்ம்) வேண்டும் என்று டிக் செய்து, ஏற்கெனவே இருக்கும் உறவின் அடிப்படையில் இரவல்களைச் சேருங்கள். மேலே ஒரு உறுப்பினர், கீழே அவருடைய இரவல்கள் மட்டும். சப்ஃபார்முக்கு டேட்டாஷீட் (அட்டவணை) அமைப்பு பொருந்தும். மற்ற பக்கங்களில் 'நெக்ஸ்ட்' அழுத்திக்கொண்டே போகலாம்.

படி 4: எண்ணுக்குப் பதில் பெயர்

இப்போது ஃபார்மைத் திறந்தால் கருவி இருக்க வேண்டிய இடத்தில் 7, 12 என்று எண்கள்தான் தெரியும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பயன்படுத்துகிறவர் கருவிப் பட்டியலை அச்சடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணைத் தேடுவார். அவரை அப்படி அலையவிடக் கூடாது.

முதலில் ஒரு குவெரி (டேபிளிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துத் தருவது) செய்யுங்கள். முதல் காலம் (column) கருவியின் பெயர், இரண்டாவது கருவி எண். பெயர் வரிசைப்படி அடுக்குங்கள். ஒரே மாதிரி இரண்டு லென்ஸ் இருந்தால், பெயரோடு சீரியல் எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள்.

அப்புறம் ஃபார்மை டிசைன் நிலையில் திறந்து, கருவி எண் காலத்தின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, 'ரீப்ளேஸ் வித்' வழியாக லிஸ்ட் பாக்ஸாக (பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பெட்டி) மாற்றுங்கள். அதன் பண்புகள் சாளரத்தின் டேட்டா பக்கத்தில் பட்டியல் வகையாகக் குவெரியையும், உள்ளடக்கமாக இப்போது செய்த குவெரியையும் தேர்ந்தெடுங்கள். எந்தக் காலம் டேபிளில் பதிவாக வேண்டும் என்று சொல்லும் 'பவுண்டு ஃபீல்டு' 1 என்று இருக்க வேண்டும். இங்கே எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது. ஆகவே 1 என்றால் இரண்டாவது காலம். திரையில் பெயர் தெரியும், டேபிளில் எண் பதிவாகும்.

இங்கே ஒரு ஆசை வரும்: இரவலில் இல்லாத கருவிகளை மட்டும் பட்டியலில் காட்டினால் என்ன? செய்யாதீர்கள். பட்டியலில் இல்லாத எண்ணுக்கு லிஸ்ட் பாக்ஸ் பெயர் காட்டாது. வெளியே போயிருக்கும் கருவிகளின் வரிசைகளில் எல்லாம் கருவியின் இடம் வெறுமையாகத் தெரியும். டேட்டா அழிந்துவிட்டது என்று பயனர் பதறிப்போவார். கையிருப்பைப் பார்க்கத் தனியாக, திருத்த முடியாத ஒரு ஃபார்ம் வையுங்கள்.

படி 5: கைக்கு வசதி

தேதிக் காலங்களில் டிராப்டவுனை இயக்குங்கள். காலண்டரில் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம். ஆட்டோவேல்யூ எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். டேப் கீ அழுத்தினால் கர்சர் எந்த வரிசையில் நகர்கிறது என்று பாருங்கள். தலைப்புகள் பயனர் பேச்சில் இருக்கட்டும்: 'வாங்கிய நாள்', 'திருப்பிய நாள்'.

படி 6: உடைத்துப் பாருங்கள்

கருவியைத் தேர்ந்தெடுக்காமல் சேமித்துப் பாருங்கள். இரவல் வாங்கிய உறுப்பினரை அழித்துப் பாருங்கள். திருப்பிய தேதியை, கொடுத்த தேதிக்கு முன்னால் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் தடுக்கப்படும், மூன்றாவது தடுக்கப்படாது. டூல்ஸ் மெனுவில் உள்ள எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழி) சாளரத்தில், திருப்பிய தேதி கொடுத்த தேதிக்குச் சமமாகவோ பிந்தியோ இருக்க வேண்டும் என்று ஒரு செக் விதி சேர்த்தால் அதுவும் சரியாகிவிடும். இன்னும் திருப்பாத கருவிக்குத் தேதி காலியாக இருக்கும். இந்த விதி அதைத் தடுக்காது.

இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பதிவு போட வேண்டும் என்றால் உள்ளமைந்த டேட்டாபேஸ் உதவாது. டேபிள்களை போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி சர்வருக்கு மாற்றி, பேஸை முகப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஒரு கூடுதல் வசதி உண்டு: திருப்பிய தேதி காலியாக இருக்கும் வரிசைகளுக்கு மட்டும் கருவி எண் மீது யுனீக் இண்டெக்ஸ் (ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுப்பது) போடலாம். வெளியே போன கேமராவை இன்னொருவருக்கு இரவல் எழுத முடியாது.