சீஸ் டோஸ்ட்டும் ஸ்பார்க்ளிங் ஒயினும்: கொடைக்கானல் குளிரை நம்பாதீர்கள்

போன டிசம்பரில் மச்சான் குடும்பம் வந்திருந்தது. 2,100 மீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு ஒயினை ஃப்ரிட்ஜில் வைப்பானேன் என்று பாட்டிலை மதியமே வராந்தாவில் வைத்துவிட்டேன். நம்ம ஊர் மதிய வெயிலை மறந்துபோனேன். சாயங்காலம் திறந்ததும் கால்வாசி ஒயின் நுரையாகப் பொங்கி மச்சானின் ஸ்வெட்டரில் இறங்கியது. சைட் டிஷ் மட்டும் தப்பித்தது. இனி உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.

நான்கு பேருக்கு: பிரெட் ஆறு துண்டு, செடார் சீஸ் 150 கிராம், ஒரு பேரிக்காய், கொஞ்சம் வெண்ணெய், மலைத்தேன், மிளகு. சீஸ் இங்கேயே செய்கிறார்கள், மிளகு தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து வருகிறது. சதுரமாக பிளாஸ்டிக் தாளில் சுற்றி வரும் ஸ்லைஸ் சீஸ் வேண்டவே வேண்டாம்; உருகினால் பசைதான்.

1. ஒயின். லேபிளில் 'ப்ரூட்' என்று இருக்கட்டும். லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவாகத்தான் சர்க்கரை இருக்கும். ஷாம்பெயினே வேண்டும் என்றில்லை, நாசிக் ஒயின் தாராளமாகப் போதும்.

2. குளிரவைப்பது. நான் வழுக்கிய இடம் இதுதான். பாட்டிலுக்குள் 5, 6 மடங்கு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒயின் சூடாக இருந்தால் வாயு உள்ளே தங்காது. போதாததற்கு மலையில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு. 6 முதல் 8 டிகிரி வேண்டும். ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம். அவசரமென்றால் ஒரு வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்டு அரை மணி நேரம். தண்ணீரை விட்டுவிடாதீர்கள், வெறும் ஐஸ் பாட்டிலை அங்கங்கேதான் தொடும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பாட்டில் வெடிக்கும்.

3. டோஸ்ட். நம்ம ஊர்ப் பேரிக்காய் கல் மாதிரி. மெல்லிசாக நறுக்கி வெண்ணெயில் ஓரம் சிவக்க வதக்குங்கள். பிரெட்டை இரும்பு தோசைக்கல்லில் ஒரு பக்கம் வாட்டித் திருப்பி, மேலே துருவிய சீஸ், பேரிக்காய் வைத்து, தீயைக் குறைத்து மூடுங்கள். ஓவனை விட எனக்குக் கல்தான் பிடிக்கும், அடி மொறுமொறுப்பாக வரும். சூடாகவே பரிமாறுங்கள். இந்தக் குளிரில் ஐந்து நிமிடம் விட்டால் சீஸ் இறுகி ரப்பராகிவிடும்.

4. தேன். ஒரு துண்டுக்குக் கால் டீஸ்பூன், அதற்கு மேல் கூடாது. ஒயினை விடச் சைட் டிஷ் இனித்தால் ஒயின் புளித்துப்போன மாதிரி இருக்கும். நம்பாவிட்டால் ஒரு ஸ்பூன் தேனை நக்கிவிட்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சீஸின் உப்பு மட்டும் நேர்மாறு, புளிப்பை அடக்கிவிடும். ஒயினின் புளிப்போ நாக்கில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடும். கடைசியாக ஒன்றிரண்டாக இடித்த மிளகைத் தூவுங்கள்.

5. திறப்பது. கம்பியைத் தளர்த்தும்போதே கட்டைவிரல் கார்க் மேல் இருக்கட்டும். பாட்டிலைச் சாய்த்து, ஆள் இல்லாத பக்கம் காட்டி, கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள். 'டப்' என்று வெடிப்பது சினிமாவுக்கு. 'உஸ்' என்று வந்தால் சரி.

பிற்சேர்க்கை: தேனுக்குப் பதில் வெல்லப்பாகு ஊற்றலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். செய்து பார்த்தேன், பாகின் வாசனை ஒயினை அமுக்கிவிடுகிறது, வேண்டாம். இன்னொருவர் 'எக்ஸ்ட்ரா டிரை' வாங்கிவிட்டு இனிக்கிறதே என்று எழுதியிருந்தார். பெயர்தான் அப்படி, அதில் 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை இருக்கும், ப்ரூட்டை விட இனிப்பு. வாங்கியாச்சு என்றால் வீணாக்காதீர்கள், தேனை அரை டீஸ்பூனாக்கிக்கொள்ளுங்கள்.