கழற்றிய செயற்கை இடுப்பு மூட்டைக் கேட்டு வாங்குங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு இறங்க நாற்பத்தோரு படி. இடுப்பு மூட்டு மாற்றிய நான்காம் வருஷமே, தொடை இடுக்கில் வலி தாங்காமல் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள் என் மனைவி. திரும்பவும் திறந்து மாற்ற வேண்டும் என்றார் கோயம்புத்தூர் டாக்டர். கெட்டுப்போன மூட்டுக்காக வழக்குப் போடலாம் என்ற எண்ணமே எங்களுக்கு அப்புறம்தான் வந்தது. நீங்கள் முன்கூட்டியே யோசியுங்கள்.

முதலில் ஸ்டிக்கர். மூட்டு வந்த பெட்டியில் கம்பெனி பெயரும், எந்தத் தொகுப்பில் செய்தது என்று காட்டும் லாட் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை ஆபரேஷன் குறிப்பில் ஒட்டுவார்கள். எங்கள் பிரதி ட்ரங்குப் பெட்டியில் கிடந்தது. நம்ம ஊர் ஈரத்தில் பூஞ்சை பூத்து, லாட் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் போயே போய்விட்டது. இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் ஆபரேஷன் குறிப்பின் நகலை ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவில் எழுதிக் கேளுங்கள். "டிஸ்சார்ஜ் சம்மரி போதாதா ஐயா?" என்பார்கள். போதாது. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரெக்கார்டைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதிதான், அதனால் தாமதிக்காதீர்கள்.

அடுத்தது கழற்றும் மூட்டு. ஆபரேஷனுக்கு முன்பே, அதை எறியாமல் சீல் வைத்துத் தரும்படி எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கிருமித் தொற்றாலும் கீழே விழுந்ததாலும்கூட மூட்டு கெடும். ஆகவே எதனால் கெட்டது என்று டாக்டரைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் வகையானால் ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவும் பார்க்க வேண்டும். 2010-ல் உலகெங்கும் திரும்பப் பெற்ற, டெப்யூ கம்பெனியின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு அந்த வகை. மறு ஆபரேஷன் செய்துகொண்ட 67 பேருக்கு ஆளுக்கு 25 லட்சம் தருவதாக 2019-ல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் கம்பெனி ஒத்துக்கொண்டது. எங்களுடையது வேறு கம்பெனி, வேறு வகை. அந்தத் தொகையை வைத்து நான் கணக்குப் போடவில்லை, நீங்களும் போடாதீர்கள்.

சரி, எங்கே போவது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆபரேஷன் கோயம்புத்தூரில் நடந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். நமக்கு ஊட்டி. மூட்டுக்கும் ஆபரேஷனுக்கும் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து கெடு இரண்டு வருஷம். மாற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதிய தேதி கையில் இருக்கட்டும்; எதிர்த்தரப்பு முதல் ஆபரேஷனிலிருந்துதான் எண்ணும்.

எங்கள் மூட்டு சீல் உடையாமல் பீரோவில் இருக்கிறது, பட்டுப்புடவைக்குப் பக்கத்தில். அதை வேறு தட்டுக்கு மாற்றச் சொல்லித் தினமும் சண்டை.