போனில் கசினோ: காசு போடுவதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை

எந்தக் கசினோ செயலியைத் திறந்தாலும் அடியில் சின்ன எழுத்தில் "பொறுப்புடன் விளையாடுங்கள்" என்று ஒரு வரி கிடக்கும். எப்படி என்று மட்டும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவர்களுக்குத்தான் நட்டம்.

முன்பு வன்னிக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. கசினோ என்றால் கொழும்பு. கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ் ஏறி, ஏ9 வீதியில் தொடங்கி 300 கிலோமீற்றருக்கு மேல் போய், அங்கே தங்கச் செலவழித்து, வீட்டுக்கு ஒரு பொய்யும் சொல்ல வேண்டும். அந்தத் தூரமும் அலுப்புமே பெரிய காவல். இப்போது பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்துக்குள் ஒருவர் காசு போட்டு, விளையாடி, தோற்று முடித்துவிடலாம். பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது.

விளையாடாமல் இருப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. அதை மறைக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே செயலியை இறக்கியவர்களும், இறக்குவதென்று முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். இது அவர்களுக்கு. எவ்வளவு, எவ்வளவு நேரம், எதுவரை என்பதையெல்லாம் செயலியைத் திறக்க முன்னரே தீர்மானித்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு எடுக்கிற முடிவு உங்களுடையதாக இருக்காது. கீழே உள்ள படிகள் எல்லாம், தொலைந்துபோன அந்தக் கொழும்புத் தூரத்தைப் போனுக்குள் திரும்பக் கொண்டுவருவதற்கான வழிகள்தான்.

படி 1: எந்தக் காசு என்று பிரியுங்கள்

எங்கள் பக்கத்தில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. காசு மொத்தமாக வரும். அரிவு வெட்டு முடிந்து நெல் விற்ற காசு, சீட்டு எடுத்த காசு, கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய காசு. கணக்கில் ஒன்றரை இலட்சம் நிற்கும்போது ஐயாயிரம் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் அந்த ஒன்றரை இலட்சத்துக்கும் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்: அடுத்த போகத்து உழவுக் கூலி, உரம், மோட்டார் சைக்கிள் லீசிங், பிள்ளையின் ரியூசன் காசு. அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

மிச்சத்திலும் எவ்வளவு? ஒரு சோதனை சொல்கிறேன். அந்தத் தொகை சந்தைக்குப் போகிற வழியில் சட்டைப் பையிலிருந்து விழுந்துவிட்டதாக நினையுங்கள். வீட்டில் யாருக்காவது காரணம் சொல்ல வேண்டி வருமா? வரும் என்றால் தொகை கூட. ஒருவருக்கு அது 500 ரூபாயாக இருக்கும், இன்னொருவருக்கு 3,000. பூச்சியமாகவும் இருக்கலாம். அப்படியென்றால் இந்த மாதம் விளையாட்டு இல்லை, அவ்வளவுதான்.

கைமாற்று, அடகு வைத்த நகை, நுண்கடன், மீற்றர் வட்டி. இந்த நான்கிலிருந்தும் ஒரு சதம்கூடச் செயலிக்குள் போகக்கூடாது.

தொகையைத் தீர்மானித்த பிறகு அதைத் தனி வங்கிக் கணக்கொன்றுக்கு மாற்றுங்கள். வெளிநாட்டுக் காசு வந்து விழுகிற கணக்கின் அட்டையைச் செயலியில் பதியவே வேண்டாம். "அட்டை விவரத்தைச் சேமிக்கவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் 16 இலக்கத்தையும் தட்டச்சுச் செய்கிற கரைச்சல் உங்களுக்கு நல்லது.

படி 2: கணக்கைப் பாருங்கள்

மர நிழலில் இருந்து காசு வைத்து முந்நூற்றி நாலு விளையாடினால், ஒருவர் தோற்றது மற்றவர் பைக்குப் போகும். காசு ஊருக்குள்ளேயே சுற்றும். கசினோவில் எதிரே இருப்பது வீடு. அதாவது கசினோ நடத்துபவர். அவர் உங்களை ஏமாற்றத் தேவையே இல்லை. விளையாட்டின் விதிமுறையே அவர் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. ரூலெட்டை எடுங்கள், சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் அல்லது நிறத்தில் விழும் என்று காசு வைக்கிற விளையாட்டு அது. ஐரோப்பியச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஒரு எண்ணில் 100 ரூபாய் வைத்து அது விழுந்தால், வைத்த காசோடு சேர்த்து 3,600 ரூபாய் வரும். 37 வாய்ப்புக்கு 36 பங்குதான் தருகிறார்கள். மிஞ்சிய அந்த ஒரு பங்கு, ஏறத்தாழ 2.7 சதவீதம், வீட்டுக்கு. அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூச்சியமும் இருப்பதால் இது 5.26 சதவீதமாகிறது. இரண்டும் திரையில் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

சுழல் விளையாட்டுகள், அதாவது ஸ்லொட், பெரும்பாலும் இதைவிட மோசம். தகவல் பக்கத்தில் "திரும்பி வரும் வீதம் 95" என்று போட்டிருப்பார்கள். விசுவமடுப் பக்கத்துத் தம்பி ஒருவர் இதைக் காட்டி, "அண்ணை, அப்ப அஞ்சாயிரம் போட்டா என்ன நடந்தாலும் நாலாயிரத்து எழுநூற்றம்பது மிஞ்சும் தானே?" என்று கேட்டார். மிஞ்சாது. அந்த 95, நீங்கள் உள்ளே போட்ட காசுக்கான கணக்கு இல்லை. ஒவ்வொரு சுழற்றலிலும் வைக்கிற காசுக்கானது. அதுவும் இலட்சக்கணக்கான சுழற்றல்களின் சராசரி. ஒரு சுழற்றலுக்கு 50 ரூபாய், நிமிடத்துக்கு 10 சுழற்றல் என்று வையுங்கள். மணித்தியாலத்துக்கு 600 சுழற்றல், 30,000 ரூபாய் பந்தயம். அதில் 5 சதவீதம் 1,500 ரூபாய். அதாவது மணித்தியாலத்துக்குச் சராசரியாக 1,500 ரூபாய் வாடகை கட்டி விளையாடுகிறீர்கள். கையில் 500தான் இருந்தால், இருபது நிமிடத்துக்கான காசு அது. ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் போய்விடும், இன்னொருவர் ஒரு மணித்தியாலம் இழுப்பார். சராசரி மாறாது.

விமானம் ஏறுகிற விளையாட்டு இப்போது எல்லாப் போனிலும் இருக்கிறது. அது ஏற ஏற, வைத்த காசு இத்தனை மடங்கு என்று கூடிக்கொண்டு போகும். ஏறிக்கொண்டிருக்கும்போது காசை எடுத்துவிட வேண்டும், பறந்துவிட்டால் எல்லாம் போச்சு. திரும்பி வரும் வீதம் 97 என்றால், விமானம் இரண்டு மடங்கைத் தொடுகிற வாய்ப்பு 48.5 சதவீதம். பாதிக்குக் கொஞ்சம் கீழே. "தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாக வை, ஒருநாள் வெல்லத்தானே வேண்டும்" என்கிற உத்தியை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 100 ரூபாயில் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் 12,700 ரூபாய் போயிருக்கும், எட்டாவதுக்கு 12,800 வைக்க வேண்டும். அத்தனையும் எதற்கு? முதலில் வைத்த 100 ரூபாயை வெல்வதற்கு. ஏழு தோல்வி தொடர்ந்து வருவது அபூர்வமா? ஒரு மாலையில் 200 சுற்று விளையாடினால் வராமல் விடுவதைவிட வருவதற்கே வாய்ப்புக் கூட.

ரூலெட்டில் "இவ்வளவு நேரம் சிவப்பு வரவில்லை, இனி வரும்" என்பதும் இதே வகை. 1913 ஓகஸ்ட் 18 அன்று மொன்ரே கார்லோ கசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று நம்பி ஒவ்வொரு சுற்றிலும் அள்ளி வைத்தவர்கள் பெருந்தொகை இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. போனுக்குள் இருக்கிற எழுந்தமான எண் நிரலுக்கும் கிடையாது. ஆகவே அடுத்த சுற்றை முன்கூட்டியே காட்டுகிறோம் என்று ரெலிகிராமில் விற்கிற "கணிப்புச் செயலி" எல்லாம் பச்சைப் பொய். அதை விற்பவருக்கு அது தெரிந்திருந்தால் ஏன் 5,000 ரூபாய்க்கு உங்களுக்கு விற்கிறார்?

படி 3: செயலி யாருடையது?

2025 இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இணையச் சூதாட்டமும் அதற்குள் வருகிறது. ஆகவே முதல் கேள்வி, இந்தச் செயலிக்கு இலங்கையில் உரிமம் இருக்கிறதா என்பது. பல செயலிகள் குராசோ என்ற கரீபியன் தீவின் உரிமத்தைக் காட்டும். காசு முடங்கினால் கிளிநொச்சிப் பொலிஸில் முறையிட்டுக் குராசோ வரை போக முடியாது. பதில் தெளிவாக இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

வட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நேரடியாக நிறுவுகிற கோப்பை, தட்டி நிறுவாதீர்கள். எஸ்எம்எஸ் வாசிக்கவும் தொடர்பு எண்களைப் பார்க்கவும் ஒரு செயலி அனுமதி கேட்டால் அதை உடனே அழியுங்கள். வங்கி அனுப்புகிற ஓ.ரீ.பி., அதாவது ஒருமுறை மட்டும் பாவிக்கிற இரகசிய இலக்கம், எஸ்எம்எஸ்ஸில்தான் வருகிறது.

அடுத்தது "ஏஜென்ற்". காசைச் செயலிக்குப் போடாமல், யாரோ ஒருவரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போட்டுப் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். அந்தக் காசு எங்கே போகிறது என்பதற்கு எந்தப் பிடியும் இல்லை. அதைவிட ஆபத்து, "உங்கட கணக்கைக் கொஞ்ச நாளைக்குத் தாங்கோ, மாதம் இவ்வளவு தாறம்" என்பது. கொடுத்தால், அதனூடாக ஓடுகிற களவுக் காசுக்குப் பொலிஸ் தேடி வருவது உங்கள் பெயரைத்தான்.

வென்ற காசை எடுக்கப் போகும்போது "முதலில் வரி கட்டுங்கள்" என்றால் அது மோசடி. விவாதிக்க வேண்டாம். மேலும் ஒரு ரூபாய் போடாமல் விலகுங்கள்.

படி 4: போனஸைத் தொடாதீர்கள்

5,000 போட்டால் 5,000 இலவசம் என்பார்கள். நிபந்தனையில் "35 மடங்கு" என்று ஒரு சொல் ஒளிந்திருக்கும். அந்த இலவசத்தை எடுக்க முன் 1,75,000 ரூபாய்க்குப் பந்தயம் வைத்து முடிக்க வேண்டும் என்பது அதன் பொருள். 5 சதவீதப்படி சராசரி இழப்பு 8,750. இலவசத்தைவிடப் பெரிது.

படி 5: போனில் வேலி போடுங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும்.

செயலிக்குள் வைப்பு வரம்பு இருந்தால், படி 1 இல் எழுதிய தொகையை மாத வரம்பாகப் போடுங்கள். இல்லாத செயலி உங்களை நிறுத்த விரும்பாத செயலி. அதை வைத்திருக்கத் தேவையில்லை.

அன்ட்ரொயிட் போனில் செட்டிங்ஸ் போய் டிஜிட்டல் வெல்பீயிங் என்பதைத் திறந்தால் ஒவ்வொரு செயலிக்கும் நாளுக்கு இத்தனை நிமிடம் என்று நேரம் குறிக்கலாம். ஐபோனில் ஸ்கிரீன் டைம். ஐபோனில் அதற்குக் கடவுச்சொல்லும் வைக்கலாம். அதை மனிசியிடமோ அக்காவிடமோ போடச் சொல்லுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம்தான் வேலை செய்யப் போகிறது.

அறிவித்தல்களை முழுதாக நிறுத்துங்கள். இரவு பதினொரு மணிக்கு "உங்களுக்காக 20 இலவசச் சுழற்றல்" என்று வருவது தற்செயல் இல்லை.

படி 6: விளையாடும்போது

குடித்திருந்தால், சண்டை பிடித்திருந்தால், நித்திரை வராமல் கிடந்தால் திறக்க வேண்டாம். மணிக்கூட்டில் 20 நிமிடம் அலாரம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

திரையை ஒரு முறை உற்றுப் பாருங்கள். 50 ரூபாய் வைத்துச் சுழற்றுகிறீர்கள். நாணயம் கொட்டுகிறது, மேளம் அடிக்கிறது, நடுவில் தங்க எழுத்தில் "வெற்றி 15". வென்றது 15 இல்லை, தோற்றது 35. ஆனால் காது அதைத் தோல்வியாகக் கேட்பதில்லை. ஆகவே ஒலியை நிறுத்திவிட்டு, மூலையில் இருக்கிற மீதியை மட்டும் பாருங்கள். மூன்று படத்தில் இரண்டு பொருந்தி மூன்றாவது மயிரிழையில் தவறுவதும் அடிக்கடி வரும். கிட்ட வந்துவிட்டதாகத் தோன்றும். அடுத்த சுழற்றலுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

வென்றால் பாதியை அப்போதே வெளியே எடுங்கள். காசு போட ஒரு தட்டு, எடுக்க நான்கு பக்கமும் மூன்று நாளும் என்றுதான் செய்து வைத்திருப்பார்கள். அந்த மூன்று நாளுக்குள் "எடுப்பதை ரத்துச் செய்" என்ற பொத்தான் மின்னிக்கொண்டே இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

படி 7: விட்டதைப் பிடிக்கத் தோன்றினால்

இதுதான் அடையாளம். தோற்ற காசை இன்றைக்கே மீட்க வேண்டும் என்று மனம் சொன்னால் பிரச்சினை தொடங்கிவிட்டது. மனிசி வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பது, யாருக்கு எவ்வளவு கடன் என்பதைக் குறைத்துச் சொல்வது, உரத்துக்கு வைத்த காசில் கை வைப்பது எல்லாம் அதற்குப் பின்னால் வரும். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறையும் சேர்த்திருக்கிறது. ஆகவே "மனத்தைக் கட்டுப்படுத்து" என்று ஏசுவதோடு இது தீராது.

செய்ய வேண்டியது இவ்வளவு: மீதிக் காசை எடுங்கள், கணக்கை நிரந்தரமாக மூடும்படி எழுதி அனுப்பி ஸ்கிரீன்சொட் வைத்துக்கொள்ளுங்கள், செயலியை அழியுங்கள். பிறகு பெட்புளொக்கர் என்ற இலவசச் செயலியை நிறுவுங்கள். சூதாட்டத் தளங்களை நீங்கள் குறிக்கிற காலம்வரை அது தடுத்து வைக்கும். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். கிளிநொச்சி, வவுனியா பொது வைத்தியசாலைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போய் வருவதை ஊர் என்ன சொல்லும் என்று யோசிப்பவர்கள் முதலில் தொலைபேசியில் பேசட்டும்.

வீட்டுக்காரருக்கு ஒன்று. கடனை அடைக்க உதவப் போகிறீர்களென்றால் காசை அவர் கையில் கொடுக்காதீர்கள். எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுவித்து, அடகுக்கும் லீசிங்குக்கும் நீங்களே நேரில் போய்க் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். வெளிநாட்டு அண்ணனிடமும் இனி எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.