கோயில் இணையதளமும் நிறப் பேச்சும்

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோயில் குழுவுக்கு இணையதளம் வடிவமைத்தேன். தலைவருக்கு மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டும், பொருளாளருக்கு நீலம், இளைஞர்களுக்குக் கறுப்பு. ஒவ்வொரு கூட்டத்திலும் இதே பேச்சு.

அப்புறம் நிறத்தையே எடுத்துவிட்டேன். காகிதத்தில் வெறும் கட்டங்கள் வரைந்து, "தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம் இங்கே வருபவர் எதைத் தேடுவார்?" என்று மட்டும் கேட்டேன். பேச்சு உடனே மாறியது. விரதம் தொடங்கும் நாள், காவடிப் பதிவு, பூஜை நேரம், வண்டி நிறுத்துமிடம் என்று அவர்களே அடுக்கினார்கள். முகப்பின் வரிசை அன்றே முடிவானது.

நிறத்துக்கு அளவுகோல் இருக்கிறது. டபிள்யூசிஏஜி என்னும் இணைய அணுகல் விதிகளின் ஏஏ என்னும் நடுத்தர நிலைப்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும். மஞ்சள் மேல் வெள்ளை அதில் தேறவே தேறாது. வெயிலில் கைபேசியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "சரி தம்பி, எழுத்து கருஞ்சிவப்பாக இருக்கட்டும்" என்றார் தலைவர்.

மெனுவை எப்போதும் உண்மையான தமிழ், பிரெஞ்சுச் சொற்களோடு காட்டுங்கள். நீளமான தமிழ்ச் சொல் பொத்தானுக்குள் அடங்காமல் இரண்டு வரியாகும். அதை முதலிலேயே பார்த்துவிடலாம். கடைசி ஒப்புதல் தர ஒரே ஒருவரைக் குழுவே எழுத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.