மலையில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு: சுகப்பிரசவமா சிசேரியனா, எப்படித் தயாராவது?

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எங்கே பார்த்தாலும், எட்டாம் மாதம் ஆனதும் வீட்டில் கேட்பது ஒரே கேள்விதான்: "சுகப்பிரசவம் ஆகுமா, ஆபரேஷன்தானா?" அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் முதலில் கேட்க வேண்டியது, வலி வரும் நேரத்தில் நீங்கள் எங்கே இருக்கப் போகிறீர்கள் என்பது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: இடத்தை ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். தாய்வீடு மஞ்சூருக்கு அப்பாலோ பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலோ இருந்தால், வளைகாப்பு முடிந்து கிளம்பும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்த வசதி மூன்றும் உள்ள மருத்துவமனைக்கு அங்கிருந்து ராத்திரியில், மழையில் போக எவ்வளவு நேரம் ஆகும்? கூடலூரிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான், ஆனால் மலை ஏற வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், அவலாஞ்சி பக்கம் மழை கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி சரிவுகளில் மண் சரியும். மரம் ஒன்று விழுந்தால்கூட சாலை மணிக்கணக்கில் அடைபட்டுவிடும்.

அதனால் தூரத்தில் இருப்பவர்கள், டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்பே மருத்துவமனை உள்ள ஊரில் உறவினர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் கிராம சுகாதார செவிலியரிடம் பிரசவக் காத்திருப்பு அறை பற்றிக் கேளுங்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் இந்த வசதி உண்டு. ஊர் மாறிப் போனால் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது கிடைத்த எண்), ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே ஃபைலில் கூடவே வரட்டும்.

படி 2: எந்தப் பிரசவம் என்று டாக்டரிடம் பேசுங்கள்

குழந்தையின் தலை கீழே இருக்கிறது, நஞ்சுக்கொடி மேலே இருக்கிறது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கின்றன என்றால் சுகப்பிரசவத்துக்குத் தயாராவதே நல்லது. ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் எழுந்து நடமாடலாம், அடுத்த கர்ப்பத்திலும் சிக்கல் குறைவு. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தாலோ, கடைசி வரை குழந்தை குறுக்காகவே இருந்தாலோ சிசேரியன்தான். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். முதல் குழந்தை சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கர்ப்பப்பையின் கீழ்ப்பக்கம் குறுக்காக ஒரே ஒரு தையல் இருந்து, சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்கு அது கைகூடுகிறது. பழைய தையல் பிரியும் ஆபத்து ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. ஆனால் அந்த ஒருவரை உடனே தியேட்டருக்குக் கொண்டு போயாக வேண்டும். ஆகவே தியேட்டர் இல்லாத இடத்தில் இந்த முயற்சி வேண்டவே வேண்டாம். வயிற்றில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், நாட்டின் சராசரி 21.5. ஆகவே "ஆபரேஷன் செய்துவிடலாம்" என்று சொன்னால் தயங்காமல் கேளுங்கள்: எதற்காக? கொஞ்சம் காத்திருந்தால் என்ன ஆகும்? வேறு வழி இருக்கிறதா? வலிக்குப் பயந்துதான் சிசேரியன் வேண்டும் என்று தோன்றினால், வலியைக் குறைக்கும் எபிடியூரல் அங்கே கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். நட்சத்திரம் பார்த்துத் தேதி குறிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் குழந்தையை எடுக்கச் சொல்லாதீர்கள். மூச்சுத் திணறலோடு அது இன்குபேட்டருக்குப் போக நேரலாம்.

தேவைப்படும்போது செய்யும் சிசேரியன் இரண்டு உயிரைக் காப்பாற்றும். அதைச் செய்துகொண்டவளை "கஷ்டப்படாமல் பெற்றாள்" என்று பேசினால் எனக்குக் கோபம் வரும். தயவுசெய்து எந்த வீட்டிலும் அப்படிச் சொல்லாதீர்கள்.

படி 3: ரத்தத்தைக் கவனியுங்கள்

எந்தப் பிரசவமானாலும் ரத்தம் போகும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உயரமான ஊர்களில் இந்த அளவு இயல்பாகவே சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பதால், ஊட்டியில் 11 வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நம் ஊரில் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறோம். அந்த டீ இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழங்குடிக் குடும்பங்களில் பிறந்தவர்கள் சிக்கிள் செல் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். 1952-இல் இந்தியாவில் இந்த ரத்தக் குறைபாடு கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். நோய் இருப்பது தெரிந்தால் பெரிய மருத்துவமனையில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால், அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஆன்டி-டி ஊசி பற்றியும் கேளுங்கள்.

படி 4: பையைக் கட்டி வையுங்கள்

36-ஆம் வாரத்தில் பை தயாராக இருக்கட்டும். ஃபைல், ஆதார், வங்கிப் புத்தகம், துவைத்த பருத்தித் துணிகள், நாப்கின், ஃபிளாஸ்க், டார்ச் வேண்டும். குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், கம்பளி கட்டாயம். எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்காத வீடு என்றால் ஜீப் ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படி 5: வலி வந்ததும்

சூட்டு வலி, அதாவது பொய் வலி, நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். பிரசவ வலி அடங்காது, இடைவெளி குறைந்துகொண்டே வரும். 5 நிமிடத்துக்கு ஒன்றாக, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் மருத்துவமனைக்குப் போகலாம் என்பார்கள். அது டவுனில் இருப்பவர்களுக்குச் சரி. ஒரு மணி நேரப் பயணம் உள்ளவர்கள், 10 நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக வர ஆரம்பித்ததுமே கிளம்புங்கள். இரண்டாம் பிரசவம் என்றால் இன்னும் முன்னதாகவே.

பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். ரத்தப்போக்கு, பச்சை நிற நீர், கண் மங்கலோடு கடும் தலைவலி, வலிப்பு, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் உடனே 108. வண்டியில் இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள். மருத்துவமனையில் சேர்ந்த பிறகு, டாக்டர் வேண்டாம் என்று சொல்லாத வரை நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். நடுவில் சிசேரியன் தேவைப்பட்டால் கையெழுத்துப் போட ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

படி 6: வீடு திரும்பிய பிறகு

அரசு மருத்துவமனையில் பிரசவமானால் தாயையும் குழந்தையையும் 102 வண்டியில் இலவசமாக வீட்டில் கொண்டு விடுவார்கள். குளிர் காலத்தில் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து, மேலே கம்பளி போர்த்துங்கள். அதைவிட நல்ல சூடு கிடையாது. கதவு ஜன்னலை மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

சிசேரியன் ஆனவர்கள் ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடமோ விறகோ தூக்க வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். பிரசவத்துக்கு முன்பே விடுப்புக் கடிதத்தை எழுதிக் கொடுத்து, நகலில் எஸ்டேட் ஆபீஸ் கையெழுத்தை வாங்கி அதே ஃபைலில் வையுங்கள்.