கீற்றணிக் கணக்கில் அந்த 'என்' எதை எண்ணுகிறது?

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா, நானோமீட்டரை மீட்டராக்கினோமா என்பதெல்லாம் ஒரு தடவை மதிப்பெண் போனால் தானாகப் பழகிவிடும், அதை விடுங்கள். விளிம்பு விளைவு கீற்றணிக் கணக்குகளைச் சொல்லிக்கொடுக்கும்போது, நான் அந்த வயதில் செய்த அதே தப்புகள் பிள்ளைகளின் நோட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைப் பற்றித்தான் இது. கீற்றணி என்பது நெருக்கமாக இணைகோடுகள் கீறிய தகடு; அதில் படும் ஒளி விலகி, நிறத்துக்கு ஏற்ற கோணங்களில் பிரகாசக் கோடுகளாகத் தெரியும். ஒரு நிறத்துக்கு நடுவிலிருந்து முதலில் வரும் கோடு முதல் வரிசை, அடுத்தது இரண்டாம் வரிசை.

ஒரே எழுத்து, இரண்டு அர்த்தம்

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது இதுதான். சைன் தீட்டா = 'என்' × வரிசை × அலைநீளம் என்று எழுதும்போது (தீட்டா என்பது ஒளி விலகும் கோணம்) 'என்' என்பது ஒரு மீட்டரில் இருக்கும் கோடுகள். பிரிதிறன் (நெருங்கிய இரண்டு அலைநீளங்களைத் தனித்தனியாகக் காட்டும் திறன்) = வரிசை × 'என்' என்னும்போது அதே எழுத்து, ஒளி விழுகிற மொத்தக் கோடுகள். நான் படித்த புத்தகத்தில் இதற்கு ஒரு வரி எச்சரிக்கைகூடக் கிடையாது.

கல்லூரி ஆய்வகத்தில் சோடியம் விளக்கு, மீட்டருக்கு 6 லட்சம் கோடுள்ள கீற்றணி, அதற்கு முன்னால் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளவு. பிளவை 1 மில்லிமீட்டருக்குக் குறைத்ததும் முதல் வரிசையில் 589.0, 589.6 நானோமீட்டர் மஞ்சள் கோடுகள் இரண்டும் ஒன்றாகிவிட்டன. என் கணக்கிலோ பிரிதிறன் 6 லட்சம், அப்படியானால் கோடுகள் ஒட்டவே கூடாது. தொலைநோக்கியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி அந்த வகுப்பு முழுக்க அதைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

தொலைநோக்கி சரியாகத்தான் இருந்தது. 1 மில்லிமீட்டரில் ஒளி படுவது 600 கோடுகளில் மட்டும், ஆக முதல் வரிசையில் பிரிதிறன் 600. இந்த இரண்டு கோடுகளைப் பிரிக்கச் சுமார் 982 வேண்டும் (589.3-ஐ 0.6-ஆல் வகுத்துப் பாருங்கள்). இரண்டாம் வரிசைக்குப் போயிருந்தால் 1200, பிரிந்திருக்கும். முதல் வரிசையிலேயே பார்க்க வேண்டுமென்றால் பிளவை 1.64 மில்லிமீட்டருக்குத் திறந்தால் போதும். அதனால் பிரிதிறன் என்ற சொல்லைக் கேள்வியில் பார்த்தவுடனே, ஒளி எவ்வளவு அகலத்தில் விழுகிறது என்று தேடுங்கள். அகலத்தை மீட்டருக்கான கோடுகளால் பெருக்கி, அந்த எண்ணைத் தனி எழுத்தில் எழுதிவையுங்கள்.

யங் சோதனையின் பழக்கம்

யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையில் கோணம் மிகச் சிறியது, சைனும் டேஞ்சன்ட்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே முடியாது. மேலே சொன்ன கீற்றணியில் சோடியத்தின் இரண்டாம் வரிசை 45 டிகிரியில் வருகிறது. 1 மீட்டர் தள்ளி வைத்த திரையில் அது நடுக்கோட்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் விழும், தோராயக் கணக்கு 71 சென்டிமீட்டர் என்று சொல்லும்.

இடப்பக்கம், வலப்பக்கம்

ஒரே வரிசையின் கோட்டை நடுக்கோட்டுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்தால், இரு அளவீடுகளின் வித்தியாசம் இரண்டு தீட்டா. பாதியாக்குங்கள்.

அதிகபட்ச வரிசை

எத்தனை வரிசை வரை தெரியும் என்று கேட்டால், சைன் தீட்டாவுக்கு 1 போட்டு வரிசையைக் கண்டுபிடியுங்கள். 2.83 வந்தால் விடை 2. மூன்றாம் வரிசைக்கு சைன் 1-ஐத் தாண்டிவிடும்.