ஜாஸ் கேட்கும்போது கணக்குத் தவறாமல் இருக்க ஒரு பேஸ்பால் அட்டை

ஜாஸ் கேட்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: முதலில் மெட்டு வருகிறது, கடைசியில் மெட்டு வருகிறது, நடுவில் ஏழெட்டு நிமிடம் இவர்கள் என்னதான் செய்கிறார்கள்? மனம் போன போக்கில் வாசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் அலுத்துவிடும். அந்த ஏழெட்டு நிமிடமும் கறாரான கணக்குக்குள் நடக்கிறது. மெட்டு எத்தனை பார் (பெரும்பாலும் நான்கு அடி கொண்ட ஒரு அளவு) நீளமோ அதே நீளத்தில், அதே கோர்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரிசை திரும்பத் திரும்பச் சுழலும்; வாசிப்பவர் அதன்மேல் புதிதாக இசை கட்டிக்கொண்டே போவார். ஒரு முழுச் சுழற்சிக்குக் கோரஸ் என்று பெயர். இங்கே சுற்று என்று எழுதுகிறேன்.

கச்சேரியில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஆதி தாளம் எட்டு எண்ணினால் சமத்துக்கு வந்துவிடும். இங்கே சமம் 48 அடிக்கு ஒரு முறையோ 128 அடிக்கு ஒரு முறையோதான் வரும். அவ்வளவு தூரத்துக்கு விரல் தாங்காது, காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தைப் பேஸ்பாலிடமிருந்து கடன் வாங்கலாம்.

என்னென்ன தேவை

பேஸ்பால் ஸ்கோர் அட்டை ஒன்று. இலவசமாக அச்சிட்டுக்கொள்ளும்படி இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சாய்சதுரம் அச்சாகியிருக்கும் அட்டையாகப் பார்த்து எடுங்கள். வெறும் கட்டம் மட்டும் உள்ளது நமக்கு உதவாது. ஒரு பென்சில், ஒரு அழிப்பான். பேனா வேண்டாம்.

ஹெட்போன் கட்டாயம். விலை உயர்ந்தது வேண்டும் என்பதில்லை, ஆனால் அடியில் தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் தந்திக் கருவியான பாஸ் கேட்க வேண்டும். கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் பாஸ் காணாமல் போய்விடும். பாஸ் இல்லாமல் இந்த வேலை நடக்காது. இதற்கென்று செயலிகள் இருக்கின்றன, கோர்டை எல்லாம் திரையில் ஓடவிடும். எனக்குப் பிடிக்கவில்லை. கண் வேலை செய்ய ஆரம்பித்தால் காது ஓய்வெடுத்துக்கொள்கிறது.

அட்டையைப் பற்றிச் சுருக்கமாக: குறுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு பேட்டர், நெடுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு இன்னிங்ஸ். சாய்சதுரத்தின் நான்கு மூலைகளும் மைதானத்தின் நான்கு பேஸ்கள்; பேட்டர் ஓடத் தொடங்கும் கீழ்மூலைக்கு ஹோம் என்று பெயர். பேட்டர் முதல் பேஸுக்குப் போனால் சாய்சதுரத்தின் ஒரு பக்கத்தைக் கோடாக அழுத்தி வரைவார்கள். அடுத்தடுத்த பேஸ்களைத் தாண்டி ஹோமுக்குத் திரும்பினால் நான்கு பக்கமும் நிரம்பிவிடும். அது ஒரு ரன். நாம் பேட்டர் இடத்தில் வாசிப்பவரை எழுதுகிறோம். இன்னிங்ஸ் இடத்தில் அவருடைய சுற்றுகள்.

படி 1: அடியைப் பிடிப்பது

டிரம்ஸில் கால் மிதியால் மூடித் திறக்கும் ஹை-ஹாட் சிம்பலைக் கவனியுங்கள். நான்கு அடியில் இரண்டாவதிலும் நான்காவதிலும் "சிக்", "சிக்" என்று விழும். கைத்தட்டல் அங்கேதான், ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் பாட்டு நொண்டும். பிறகு பாரின் எண்ணை முதல் அடியில் வைத்து எண்ணுங்கள்: ஒன்று இரண்டு மூன்று நான்கு, இரண்டு இரண்டு மூன்று நான்கு, மூன்று இரண்டு மூன்று நான்கு. இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

படி 2: 12 பார் ப்ளூஸ், மூன்று அவுட்

முதல் பயிற்சிக்கு மைல்ஸ் டேவிஸின் "ஃப்ரெடி ஃப்ரீலோடர்". 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆவது தெரு ஸ்டுடியோவில் பதிவானது. "கைண்ட் ஆஃப் ப்ளூ" தொகுப்பில் இருக்கிறது. வேகம் மிதமானது, சுற்று 12 பார்தான்.

ப்ளூஸுக்குச் சாய்சதுரம் தேவையில்லை. 12 பாரை நான்கு நான்காகப் பிரித்தால் மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டு முடிந்ததும் கட்டத்துக்குள் ஒரு புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால், பேஸ்பாலில் மூன்று பேர் அவுட்டானதும் பேட்டிங் அணி மாறுவது போல, அடுத்த கட்டத்துக்குப் போங்கள். அடையாளக் கல் ஐந்தாவது பாரில் இருக்கிறது: கோர்டு அங்கே இடம் மாறும், தரை லேசாக நகர்ந்தாற்போல் கேட்கும். ஒன்பதாவது பாரில் இன்னொரு மாற்றம்.

மெட்டு இரண்டு சுற்று வரும். பிறகு வின்டன் கெல்லி பியானோ, மைல்ஸ் ட்ரம்பெட், ஜான் கோல்ட்ரேன் டெனார் சாக்ஸ், கேனன்பால் ஆடர்லி ஆல்டோ சாக்ஸ் என்ற வரிசை. யாருக்கு எத்தனை சுற்று என்று நான் சொல்லப்போவதில்லை. அட்டையை நிரப்புங்கள், மறுநாள் புதிய அட்டையில் மறுபடி நிரப்புங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த படிக்குப் போகலாம்.

எண்ணிக்கை தவறும் இடத்தில் நிறுத்தாதீர்கள், பின்னால் ஓட்டாதீர்கள். பேஸ்பாலில் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட்; மட்டையைச் சுழற்றாமலே மூன்றாவதை விட்டுவிட்டால் கே என்ற ஆங்கில எழுத்தைத் திருப்பிப் போட்டுக் குறிப்பார்கள். கோல்ட்ரேனைக் கேட்டு வாய்பிளந்து கணக்கை விட்ட இடங்களில் நான் அதைத்தான் போடுகிறேன். என் அட்டைகளில் திருப்பிப் போட்ட கே ஏராளம்.

நடுவில் கொஞ்சம் பேச்சு

ஜாஸ் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு பேஸ்பாலுக்குத் தாவுவது புதிதல்ல. லூயி ஆம்ஸ்ட்ராங் 1931இல் நியூ ஆர்லியன்ஸ் திரும்பியபோது உள்ளூர் அணி ஒன்றுக்குச் சீருடை வாங்கிக் கொடுத்தார். அணியின் பெயர் "ஆம்ஸ்ட்ராங்கின் ரகசிய ஒன்பது". சிறுவன் டியூக் எலிங்டன் வாஷிங்டன் செனட்டர்ஸ் ஆட்டங்களில் கடலை விற்றவர். ஹாரி ஜேம்ஸ் தம் வாத்தியக் குழுவிலிருந்தே ஒரு பேஸ்பால் அணியைத் திரட்டி வைத்திருந்தார். ஜாக்கி ராபின்சன் 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடி கறுப்பினத்தவரைச் சேர்க்காத நிறத்தடையை உடைத்தார். இரண்டு ஆண்டில் கவுன்ட் பேசியின் குழு அவர் பந்தடிப்பதைப் பற்றிய பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. 1963இல் அதே ராபின்சன், சிறையிலிருந்த சிவில் உரிமைப் போராளிகளின் ஜாமீனுக்குப் பணம் திரட்டக் கனெக்டிகட்டில் தம் வீட்டுத் தோட்டத்தில் ஜாஸ் கச்சேரி வைத்தார்.

பேச்சு தாவினால் சண்டையும் உண்டு. 2023இல் பிட்ச் கடிகாரம் வந்தது: பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் பந்து வீசியாக வேண்டும். "நேரமற்ற ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று பலர் புலம்பினார்கள். எனக்கு அந்தப் புலம்பல் ஏறவில்லை; பேட்டர் கையுறையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவதை யார் ரசித்தார்கள்? அட்டையில் எழுத நேரம் குறைந்துபோனது மட்டும் வருத்தம். ஆனால் சமநிலையில் பத்தாவது இன்னிங்ஸ் போனால் இரண்டாவது பேஸில் சும்மா ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே, அதை மன்னிக்கவே முடியாது. அவன் அங்கே எப்படி வந்தான் என்று அட்டையில் எந்தக் கோட்டை வரைவது?

படி 3: 32 பார், சாய்சதுரம்

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

நிறைய ஜாஸ் மெட்டுகள் 32 பார் நீளம். எட்டெட்டுப் பாராக நான்கு பகுதி. முதல், இரண்டாம், நான்காம் பகுதிகள் ஒரே மாதிரி, மூன்றாவது வேறு. ஏ-ஏ-பி-ஏ என்று குறிப்பார்கள். சாய்சதுரத்தின் நான்கு பக்கமும் இதற்கென்றே அளவெடுத்தது போல் இருக்கும். ஹோமிலிருந்து முதல் பேஸ் ஏ, முதலிலிருந்து இரண்டாவது பேஸ் ஏ, இரண்டாவதிலிருந்து மூன்றாவது பேஸ் பி, மூன்றாவதிலிருந்து ஹோம் ஏ.

அதே தொகுப்பின் முதல் பாட்டான "சோ வாட்" எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பியானோவும் பாஸும் தாளமில்லாமல் முனகும், அதை எண்ணாதீர்கள். பிறகு பால் சேம்பர்ஸின் பாஸ் மெட்டைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டு கோர்டில் பதில் சொல்வார்கள். அது ஒரு சுற்று. ஒன்றரை நிமிடத்தை ஒட்டி ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு அடி கொடுப்பார். மைல்ஸின் முதல் சுற்று அங்கே தொடங்குகிறது. பென்சிலை ஹோமில் வையுங்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒரு சுற்றின் கடைசிப் பகுதி ஏ. அடுத்த சுற்றின் முதல் இரண்டு பகுதியும் ஏ. ஆக, இரண்டு பி பகுதிகளுக்கு நடுவில் 24 பார் ஒரே கோர்டில் ஓடுகிறது. அதற்குள் எங்கேயோ ஹோம் இருக்கிறது, ஆனால் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் எதுவும் கோர்டில் இல்லை. முதலிலிருந்து நேராக எண்ணிக்கொண்டு போகிறவர்கள் இங்கே எட்டுப் பாரைத் தின்றுவிடுவார்கள், அல்லது எட்டுப் பாரைக் கூட்டிவிடுவார்கள்.

வழி இதுதான்: தொடக்கத்தைத் தேடாதீர்கள், பியைத் தேடுங்கள். சாய்சதுரத்தில் இரண்டாவது பேஸிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் கோட்டை மட்டும் முதல் சில முறை வரையுங்கள். பி முடிந்ததும் எட்டுப் பார் எண்ணினால் ஹோம். அதன்பின் அடுத்த கட்டம்.

பியை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு நம் வீட்டுக் கருவியே போதும். தம்புரா செயலியையோ சுருதிப் பெட்டியையோ இரண்டு கட்டையில், பஞ்சமத்தோடு, மெல்லிய ஒலியில் ஓடவிடுங்கள். ஏ பகுதி முழுக்க டி சுருதியில் டோரியன் என்ற மேற்கத்திய ஸ்வர வரிசை. ஸ்வரங்களைப் பார்த்தால் கரகரப்பிரியாதான். தம்புராவோடு இழையும். பி வந்ததும் எல்லாமே அரை ஸ்வரம் மேலே ஏறும், அதாவது இரண்டரைக் கட்டைக்கு. அந்த இடத்தில் உங்கள் தம்புராவின் ஸட்ஜமும் பஞ்சமமும் இரண்டுமே அன்னியமாகிவிடும். காது கூசும். கூசினால் பி; கூச்சம் நின்றால் மூன்றாவது பேஸைத் தாண்டியாயிற்று.

சரிபார்க்க விடை: மைல்ஸ் 2 சுற்று, கோல்ட்ரேன் 2, ஆடர்லி 2. பில் எவன்ஸின் பியானோவுக்கு 1. அவருக்குப் பின்னால் ஊதுகருவிகள் மெட்டின் அந்த இரண்டு கோர்டையும் போட்டுக்கொண்டிருக்கும். தம்புரா இல்லாமலே இந்த விடை வரும்வரை செய்யுங்கள்.

படி 4: நாலு நாலாகப் பங்கு போடுவது

கடைசிப் பகுதியில் சாக்ஸ் நான்கு பார், டிரம்ஸ் நான்கு பார் என்று மாறி மாறி வாசிப்பது வழக்கம். டிரம்ஸ் தனியாக ஒலிக்கும்போது கோர்டு இல்லை, பாஸ் இல்லை. ஆனாலும் சுற்று நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அட்டையில் இதற்கு எண்களைப் பயன்படுத்துங்கள். பேஸ்பாலில் களத்தில் நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு: ஷார்ட்ஸ்டாப் 6, இரண்டாவது பேஸ்மேன் 4, முதல் பேஸ்மேன் 3. பந்து கை மாறியதை 6-4-3 என்று எழுதுவார்கள். நான் ட்ரம்பெட்டுக்கு 1, ஆல்டோ 2, டெனார் 3, பியானோ 4, பாஸ் 5, டிரம்ஸ் 6 என்று வைத்திருக்கிறேன்.

32 பாரில் எட்டு நான்குகள். இரட்டைப்படை என்பதால் ஒவ்வொரு சுற்றையும் ஒரே ஆள் தொடங்குவார். ப்ளூஸில் மூன்றே நான்குகள். முதல் சுற்று 3-6-3 என்றால் அடுத்தது 6-3-6. ஒரு சுற்றை சாக்ஸ் தொடங்கினால் அடுத்ததை டிரம்ஸ் தொடங்கும். இது தெரியாவிட்டால் "ஏதோ நான்கு பார் விட்டுப்போயிற்று" என்று அழித்து அழித்து அட்டை கிழிந்துவிடும். பழகுவதற்கு 1956இல் பதிவான "டெனார் மேட்னஸ்" நல்லது. சானி ராலின்ஸும் கோல்ட்ரேனும் நான்கு நான்காக மோதிக்கொள்வார்கள். இருவருமே டெனார் என்பதால் 3 என்ற எண் போதாது. 3அ, 3ஆ என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 1

தம்புராவை இரண்டு கட்டையில் வைத்தும் ஏ பகுதியே ஒட்டவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் கேட்டது அப்பாவின் பழைய இசைத்தட்டு. ஒலிப்பதிவின்போது நாடா இயந்திரம் ஒன்று மெதுவாக ஓடியதால், அந்தத் தொகுப்பின் முதல் பக்கம் முழுவதும் பழைய பதிப்புகளில் சுருதி சற்று ஏறி ஒலிக்கும். 1990களின் மறுபதிப்புகளில்தான் சரிசெய்தார்கள். பழைய தட்டு வைத்திருப்பவர்கள் தம்புராவைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், காதில் குறையில்லை.

பிற்சேர்க்கை 2

டேவ் புரூபெக் குழுவின் "டேக் ஃபைவ்" பாட்டுக்கு அட்டை நிரம்ப மாட்டேன் என்கிறது என்று பலர் கேட்கிறார்கள். நிரம்பாது. அதில் பாருக்கு ஐந்து அடி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பால் டெஸ்மண்டின் சாக்ஸ் தனி வாசிப்பும் ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனி வாசிப்பும் மெட்டின் சுற்றின்மேல் நடக்கவில்லை, புரூபெக்கின் பியானோ விடாமல் அடிக்கும் அந்த ஒரே கோர்டு அசைவின்மேல் நடக்கின்றன. எண்ணுவதற்குச் சுற்றே கிடையாது. மெட்டு திரும்பி வரும் இடத்தில் ஒரு குறி போட்டுவிட்டு, மற்ற கட்டங்களை வெறுமையாக விட்டுவிடுங்கள்.